ஒழுகாத லொறி

மானிப்பாயில் வண்டி திருத்தும் அருட்பிரகாசத்தின் கராச்சுக்குள் எமில்ராஜ் லொறியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது காலை வெயில் இன்னும் ஏறவில்லை. முன்மூடிக்கு அடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. அந்தக் கிழமை அவர் அங்கே வருவது முதல் தடவை அல்ல.

மூக்கு நீண்ட பழைய லொறி அது. குருநகரிலிருந்து ஐஸ் கட்டிகளை மயிலிட்டித் துறைமுகத்துக்கு ஏற்றிப்போய், அங்கிருந்து மீனோடு திரும்புவதுதான் எமில்ராஜின் தொழில். மனைவி பெர்னடெட் இருந்த காலத்தில் அவளும் கூடவே வருவாள். மீனை விலைபேசுவது அவள், வண்டி ஓட்டுவது அவர். அவள் நோயில் போன பிறகு, இருந்த சின்ன வான் வண்டியை விற்றுவிட்டு இந்த லொறியை வாங்கினார். வானில் அவள் இருந்த இடத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. லொறியிலும் இடப்பக்கச் சீற் வெறுமையாகத்தான் கிடந்தது. ஆனால் அது அவள் இருந்த சீற் இல்லை.

எஞ்சினைக் குளிரவைக்கும் றேடியேற்றரை வாய்வரை தண்ணீரால் நிரப்பிக்கொண்டு போனால், திரும்பி வரும்போது பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். அருட்பிரகாசம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டார். மூடியின் றப்பர் பழுதில்லை. குழாய்களில் வெடிப்பில்லை. தண்ணீர்ப் பம்பைச் சுற்றி ஈரமே இல்லை. காற்றடித்து அழுத்தம் ஏற்றிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தார். அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. எஞ்சினுக்குள் இறங்குகிறதோ என்று ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஒயில் பால்போல வெளுத்திருக்கும். இது கறுப்பாகவே இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு இருவரும் பக்கத்திலேயே நின்றார்கள். மத்தியானம்வரை ஓடியும் ஒரு சொட்டுக் குறையவில்லை.

கடைசியில் அருட்பிரகாசம் இருந்த தண்ணீரை வடித்துவிட்டு, பளிச்சென்ற பச்சை நிறத்தில், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ற் ஊற்றினார்.

“எங்கை கசிஞ்சாலும் பச்சைத் தடம் விடும். அதைப் பிடிச்சுக்கொண்டு போனா ஓட்டை தெரியும்,” என்றார். வீட்டு நாய், பூனை கிட்டப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இனிப்பு என்று நக்கிவிடும், நக்கினால் பிழைக்காது.

மறுநாள் மயிலிட்டியில் மீனை ஏற்றிக்கொண்டு எமில்ராஜ் புறப்படும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கடற்கரையை விட்டு உள்ளே வந்ததும், போரில் இடம்பெயர்ந்த ஆட்கள் இன்னும் திரும்பிவராத ஒரு நீளத் துண்டு இருக்கிறது. கூரையில்லாத வீடுகளுக்குள் மரங்கள் வளர்ந்து நிற்கும். தெருவில் ஒரு சைக்கிளைக்கூடக் காண்பது அபூர்வம். அந்தத் துண்டின் நடுவில் சூட்டு முள் திடீரென்று ஏறியது.

அவர் லொறியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

கடலின் இரைச்சல் தூரத்தில் கேட்டது. பனையோலை ஒன்று காற்றில் உரசியது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. அப்போதுதான் முன்மூடிக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

மடக். மடக். மடக்.

கொதிக்கும் தண்ணீர் குமிழியிடுகிற சத்தம் அவருக்குப் பழக்கமானது. இது அப்படியில்லை. நெடுநாள் காய்ந்துபோன ஒரு தொண்டைக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம்.

அவர் இறங்கிப்போய் முன்மூடியைத் திறந்தார். சத்தம் நின்றது. துணியைச் சுற்றிக்கொண்டு றேடியேற்றர் மூடியில் கை வைத்தவர், துணியை எடுத்துவிட்டு வெறுங்கையால் தொட்டார். தொட்டால் தோல் உரியவேண்டிய மூடி, கிணற்றடிக் கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது.

உள்ளே ஒன்றுமே இல்லை.

குனிந்து லொறிக்கு அடியில் பார்த்தார். புழுதி காய்ந்து கிடந்தது. நிமிரும்போது சில்லுக்கு மேலிருந்த மட்காட்டில் ஒரு பச்சைச் சொட்டைக் கண்டார். அடுத்தது, ஏறும் படியில். அதற்கடுத்தது, இடப்பக்கக் கதவின் கைபிடியில். தித்திப்பான ஒரு வாடை மூக்கில் ஏறியது.

கதவுக் கண்ணாடியில் பச்சையாக ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது.

பதிந்திருந்தது உட்பக்கம்.

எமில்ராஜ் பின்வாங்கி, தெருவின் மறுகரைக்குப் போய் நின்றார். அருட்பிரகாசத்துக்குப் போன் எடுத்தார்.

“எங்கை ஒழுகுது?” என்று கேட்டார் அருட்பிரகாசம்.

“சீற்றிலை, அண்ணை.”

அருட்பிரகாசம், லொறியை விற்ற பத்மாசினியிடம் கேட்டுப்பார்க்கச் சொன்னார். புருஷன் இறந்த பிறகு லொறியை எமில்ராஜுக்கு விற்றவள் அவள். அவளுக்குப் போன் எடுத்து, தண்ணீர் குறைகிற விஷயத்தைச் சொன்னதும் அவள் ஆச்சரியப்படவில்லை. ஆள் கூட இருந்தால் குறையாது, தனியே ஓடும்போது மட்டும்தான் குறையும் என்றாள். இடம்பெயர்ந்த காலத்தில் அவள் புருஷன் இந்தப் பக்கத்துச் சனத்தை அந்த லொறியில் ஏற்றிப்போனவர். முன்சீற்றில் தனியாக வந்த ஒரு பெண் தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தாளாம். ஷெல் விழுந்துகொண்டிருந்தது. நிற்பாட்ட முடியவில்லை. நிற்பாட்டியபோது அவள் கேட்பதை விட்டிருந்தாள். ஆர் பெற்ற பிள்ளையோ, பேர்கூட ஒருவருக்கும் தெரியாது.

“அவர் ஒருநாளும் வெறுந் தண்ணியைத் தவிர வேறை ஒண்டும் விடுறேல்லை, தம்பி,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நீங்கள் என்ன விட்டனீங்கள்?”

அவர் சொன்னார்.

“ஐயோ, அது நஞ்செல்லே.”

போனை வைத்த பிறகுதான் அவருக்கு அது கேட்டது. லொறிக்குள்ளிருந்து இருமல். குடலே வெளியே வந்துவிடும்போல நீண்ட, வறண்ட இருமல். நடுநடுவே ஓங்காளிக்கும் சத்தம்.

ஓடிவிடத்தான் கால் சொன்னது. ஆனால் பெர்னடெட்டின் கடைசிக் கிழமைகளில் அவர் இரவு பகலாகக் கேட்டிருந்தது இந்த மாதிரி இருமலைத்தான். அதைக் கேட்டுக்கொண்டு தெருவில் நிற்க அவரால் முடியவில்லை.

பின்னால் கட்டியிருந்த தண்ணீர்க் கானை எடுத்தார். முதலில் றேடியேற்றரின் அடியிலிருந்த அடைப்பைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த பச்சையெல்லாம் போகும்வரை கழுவிவிட்டு, அடைப்பை மூடி நல்ல தண்ணீரை நிரப்பினார். பிறகு ஒரு கோப்பையிலும் ஊற்றிக்கொண்டு தன் பக்கத்துக் கதவால் ஏறி உட்கார்ந்தார்.

இருமல் சட்டென்று அடங்கியது.

உள்ளே ஐஸ் பெட்டிக்குள் இருப்பதைப்போலக் குளிர். இடப்பக்கம் திரும்பக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் திரும்பவில்லை. தெருவைப் பார்த்தபடியே கோப்பையை இடப்பக்கம் நீட்டினார்.

“அறியாமல் விட்டிட்டன்,” என்றார் மெதுவாக. “இது கிணத்துத் தண்ணி. குடி, பிள்ளை.”

ஒன்றும் நடக்கவில்லை.

கை உளைந்தது.

பிறகு, அவருடைய விரல்களின்மேல் வேறு விரல்கள் படிந்தன. கோப்பை கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் குறைந்தது.

அதன் பிறகு லொறி ஒருநாளும் சூடேறவில்லை. ஓட்டையைக் கூலன்ற் அடைத்துவிட்டதாக்கும் என்று அருட்பிரகாசம் சொன்னார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. எமில்ராஜ் புறப்படும்போது இடப்பக்கச் சீற்றில் ஒரு போத்தல் தண்ணீர் வைப்பார். குருநகர் வரும்போது அது வெறுமையாகியிருக்கும். போகப்போக அவர் மீன் விலையைப் பற்றி, மழையைப் பற்றி, அந்தப் பக்கம் பாராமலே கதைக்கவும் தொடங்கினார். பதில் வரவில்லை. வீட்டில் சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

மாரி மழை தொடங்கியதும் அவருக்குக் காய்ச்சல் வந்தது. லொறியை வீட்டு வளவுக்குள் விட்டுவிட்டு, எழும்ப முடியாமல் கிடந்தார். பக்கத்து வீட்டு ஜெயனி காலையில் கஞ்சி கொண்டுவந்தாள். ராத்திரி நாக்கு வறண்டு முனகியபோது வந்து, தலையைத் தூக்கித் தண்ணீர் பருக்கிவிட்டதற்கு அவர் அவளுக்கு நன்றி சொன்னார்.

அவள் கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“நான் வரேல்லை, அண்ணை. மழைக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திட்டன்.”

காய்ச்சலில் கனவு கண்டிருப்பார் என்று அவளே சொல்லிக்கொண்டு போனாள். கட்டிலில் பெர்னடெட் படுக்கிற பக்கத்தை அவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். விரிப்பு ஆளளவுக்கு நனைந்திருந்தது.

அவர் சுவர்ப்பக்கமாக ஒதுங்கிப் படுத்துக் கண்ணை மூடினார்.

பக்கத்துத் தலையணை மெல்ல அமிழ்ந்தது.