அத்தை ஓட்டினால் துள்ளும் முள்

“ஐயோ, நூத்தி நாப்பது!” என்று அலறினார் அத்தை. இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து ஒரே மிதி. கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

அந்த நேரம் பார்த்து ஒரு நாய் காரை முந்திக்கொண்டு போனது. ஓடிக்கூட இல்லை, நடந்துதான். போகிற போக்கில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டும் போனது.

“நூத்தி நாப்பதும் இல்ல, பதினாலும் இல்ல,” என்றார் பக்கத்து சீட்டில் இருந்த அப்பா, நெற்றியைத் தடவிக்கொண்டே. “முள்ளைப் பார்க்காதே, ரோட்டைப் பாருன்னு எத்தனை தடவை சொல்றது?”

“வேகத்தைப் பார்த்து ஓட்டுன்னும் நீதானே அண்ணா சொன்னே!”

பின் சீட்டிலிருந்து குடைச்சல் எட்டிப் பார்த்தாள். இன்ஜின் அணைந்துவிட்டது. ஸ்பீடோமீட்டரின் சிவப்பு முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி படுத்துக்கொண்டது.

குடைச்சல் என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் வேறு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஆனால் எதைப் பார்த்தாலும் “அது ஏன்? இது எப்படி?” என்று குடைந்துகொண்டே இருந்ததால், வீட்டில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதை ஒரு பட்டம்போல வைத்துக்கொண்டாள்.

அத்தை ஒரு நர்ஸ். எழுந்து நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போய், காயத்துக்குக் கட்டுப் போட்டு, மருந்து கொடுத்துவிட்டு வரும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை சேரவேண்டும். ஆனால் கார் ஓட்ட லைசென்ஸ் இருந்தால்தான் சேர முடியும். லைசென்ஸுக்கான டெஸ்ட் வருகிற வெள்ளிக்கிழமை.

டெஸ்ட்டுக்குக் கொண்டுவரும் வண்டியில் விளக்கு, ஹாரன், ஸ்பீடோமீட்டர் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யவேண்டும் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமையை விட்டால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான். வேறு கார் அத்தைக்குப் பழக்கமும் இல்லை.

இந்தக் காருக்கோ பத்தொன்பது வயது. குடைச்சலைவிட எட்டு வயது மூத்தது.

அன்று மாலையே அப்பா காரைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். குடைச்சலும் தொற்றிக்கொண்டாள். மெக்கானிக் ஜன்னலில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். முப்பதில் போனால் முள் முப்பது காட்டியது. நாற்பதில் போனால் நாற்பது.

“டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போன கதையா இருக்கே!” என்று அப்பா தலையில் கையை வைத்தார்.

“சக்கரம் சுத்துற வேகத்தை ஒரு சென்சார் எண்ணும் சார். வயர் வழியா மீட்டருக்குச் சொல்லும். மீட்டர் முள்ளை நகர்த்தும்,” என்றார் மெக்கானிக். “மீட்டர்தான் போயிருக்கும். மாத்திடலாம். பழைய மாடல்ங்கறதால வர்றதுக்கு மூணு வாரம் ஆகும்.”

“மீட்டர்தான் போயிருக்குன்னு எப்படி அங்கிள் தெரியும்?” என்றாள் குடைச்சல்.

“வேற என்ன பாப்பா இருக்கப் போகுது?”

அது பதில் இல்லை, இன்னொரு கேள்வி என்று குடைச்சலுக்குத் தோன்றியது. மெக்கானிக்குக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். துணியில் கையைத் துடைத்தபடி, “கோளாறு என் கண் முன்னால வந்தா பிடிச்சிடுவேன். எப்ப வருதுன்னே தெரியலேன்னா எங்கே போய்த் தேடறது?” என்றார்.

“எப்ப வருதுன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன்,” என்றாள் குடைச்சல்.

பெரியவர்கள் இருவரும் சிரித்தார்கள். குடைச்சல் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து பழைய நோட்டு ஒன்று பின் சீட்டுக்குக் குடிவந்தது. கார் கிளம்பும்போதெல்லாம் அவளும் ஏறிக்கொண்டு, முள் எப்போது துள்ளியது, எந்தத் தெரு, என்ன நேரம் என்று எழுதினாள்.

திங்கட்கிழமை மாலை, “கண்டுபிடிச்சிட்டேன்! குழியில இறங்கும்போதுதான் துள்ளுது!” என்று அறிவித்தாள்.

அப்பா காரை எடுத்துக்கொண்டு, ஊரில் உள்ள குழி ஒன்று விடாமல் இறக்கி ஏற்றினார். முள் அசையவில்லை. கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அம்மாவை வழியில் ஏற்றியிருந்தார்கள். அம்மாவின் மடியில் இருந்த முட்டைகளில் ஆறு உடைந்ததுதான் மிச்சம்.

“அடுத்த தடவை கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி என்னை இறக்கி விட்டுடு,” என்றார் அம்மா, சேலையைப் பிழிந்துகொண்டே.

செவ்வாய்க்கிழமை, “இன்ஜின் சூடானால் துள்ளுமோ?” என்று எழுதினாள். அப்பா முக்கால் மணி நேரம் ஓட்டினார். இன்ஜின் கொதித்தது, முள் குளிர்ச்சியாக இருந்தது. அந்த வரியையும் அடித்தாள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த குடைச்சல் ஒன்றைக் கவனித்தாள். அப்பா ஓட்டியது நான்கு தடவை. முள் ஒரு முறைகூடத் துள்ளவில்லை. அத்தை ஓட்டியது இரண்டே தடவை. ஒன்பது முறை துள்ளியிருந்தது! ஆச்சரியத்தில் அதைச் சத்தமாகப் படித்துவிட்டாள்.

“அப்படிப் போடு!” என்று அப்பா மேஜையைத் தட்டினார். “கோளாறு வண்டியில இல்ல, ஓட்டறவங்ககிட்ட! இவ உட்கார்ந்தா அந்த முள்ளுக்கே உதறல் எடுக்குது!”

அம்மாகூடச் சிரித்துவிட்டார். அத்தையும் சிரிப்பதுபோல உதட்டை இழுத்தார். பிறகு தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

குடைச்சலுக்கு அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை. அவள் படித்த கணக்கு சரிதான். ஆனால் அது அத்தையைப் போய்க் குத்தும் என்று அவள் நினைக்கவே இல்லை.

அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அத்தை மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். “அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி...” என்பது வரை எழுதியாகிவிட்டது.

குடைச்சல் பக்கத்தில் போய் நின்றாள்.

“அத்தை, ஒரு நோயாளிக்கு தினமும் ஒரே நேரத்துல காய்ச்சல் வருதுன்னு வை. அவர்மேலதான் தப்புன்னு சொல்வியா?”

“அது எப்படி அவர் தப்பாகும்?” என்றார் அத்தை, தலை நிமிராமல். “அந்த நேரத்துக்கு முன்னாடி என்ன சாப்பிட்டார், என்ன செஞ்சார்னு ஒண்ணொண்ணா எழுதிப் பார்ப்போம்...”

அத்தையின் பேனா நின்றது.

“அதேதான்,” என்றாள் குடைச்சல். “நாளைக்கு நீ ஓட்டு. நீ செய்யற ஒவ்வொண்ணையும் நான் எழுதறேன். அப்பா செய்யாத ஏதோ ஒண்ணை நீ செய்யற. அது என்னன்னு பார்த்துடலாம்.”

அத்தை அவளையே பார்த்தார். பிறகு அந்தக் காகிதத்தை நான்காகக் கிழித்தார்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் வேலை தொடங்கியது. அப்பா பக்கத்து சீட்டில் இருக்க, அத்தை குஷனைப் போட்டு உட்கார்ந்தார். சீட்டை முன்னால் இழுத்தார். கண்ணாடியை மூன்று முறை திருப்பினார். தெருச் சத்தம் கேட்டால் பயம் என்று எல்லா ஜன்னலையும் ஏற்றினார். வியர்த்துக் கொட்டும்போதெல்லாம் ஃபேனை முழு வேகத்தில் வைத்தார், குளிர்ந்தால் அணைத்தார். திருப்பத்துக்கு நூறு அடி முன்னாலேயே இண்டிகேட்டரைப் போட்டார். ரோட்டோரம் உட்கார்ந்திருந்த குருவிக்கு ஹாரன் அடித்தார். நடுவில் ஒரு தும்மல்.

“தும்மினதைக்கூடவா எழுதறே?”

“தும்மல் எட்டாவது அத்தை. ரோட்டைப் பாரு.”

முள் ஏழு முறை துள்ளியது. அத்தை இந்த முறை அலறவில்லை. “எழுதிக்கோ,” என்று மட்டும் ஒவ்வொரு முறையும் சொன்னார்.

வியாழக்கிழமை மாலை அப்பா ஸ்டீயரிங்கின் முன்னால் உட்கார்ந்தார். குடைச்சல் முன் சீட்டுக்கு வந்தாள். அத்தை பின்னால்.

“அத்தை செஞ்சதை எல்லாம் நீங்க செய்யணும் அப்பா. ஆனா ஒண்ணொண்ணா. ரெண்டைச் சேர்த்துச் செஞ்சா, எதனால துள்ளுதுன்னு தெரியாது.”

“உத்தரவு,” என்றார் அப்பா.

முதலில் குஷன். அப்பாவின் தலை கூரையில் டொங்கென்று இடித்தது. முள் அசையவில்லை. குஷனை எடுத்துவிட்டு சீட்டை முன்னால் இழுத்தார்கள். அப்பாவின் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்தது. முள் அசையவில்லை. கண்ணாடியைத் திருப்பினார், ஜன்னலை ஏற்றினார், ஹாரன் அடித்தார். அசையவில்லை. குடைச்சல் கேட்டுக்கொண்டதால் அப்பா பொய்த் தும்மல் ஒன்றும் போட்டார். அதற்கும் அசையவில்லை.

“பார்த்தியா? நான்தான் சொன்னேனே...” என்று தொடங்கினார் அப்பா.

“இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. இண்டிகேட்டர் போடுங்க.”

அப்பா போட்டார். டிக்... டிக்... டிக்... விளக்கு மின்னிய ஒவ்வொரு முறையும் சிவப்பு முள் கொஞ்சூண்டு துடித்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அப்பாவின் சிரிப்பு நின்றது.

“இண்டிகேட்டரை அணைச்சிடுங்க,” என்றாள் குடைச்சல். “இப்ப ஃபேன். முழு வேகத்துல.”

“நான் ஃபேனே போடறதில்லையே. ஜன்னலைத் திறந்து வச்சாப் போதும் எனக்கு,” என்றபடி அப்பா ஃபேன் குமிழைக் கடைசி வரை திருகினார்.

விர்ரென்று காற்று வீசியது. முள் ஒரே தாவலாகத் தாவி நூற்று நாற்பதில் போய் நின்றது.

“ஐயோ! நான் முப்பதுலதான் போறேன்!” என்று அலறினார் அப்பா.

“முள்ளைப் பார்க்காதே அண்ணா,” என்றார் பின் சீட்டிலிருந்து அத்தை. “ரோட்டைப் பாரு.”

கார் நேராக மெக்கானிக்கின் கடைக்குப் போனது. அவர் கடையைச் சாத்தப் போகும் நேரம். குடைச்சல் இறங்கி ஓடினாள்.

“அங்கிள், எப்ப வருதுன்னு கண்டுபிடிச்சிட்டோம்! வந்து பாருங்க!”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கார் நின்றுகொண்டிருந்தது. முள் பூஜ்யத்தில் இருந்தது. அப்பா ஃபேனைத் திருகினார். முள் எழுந்து எண்பதைத் தொட்டது. அணைத்தார். விழுந்தது. மறுபடி திருகினார். மறுபடி எண்பது.

“நின்ன இடத்துலயே எண்பதா!” மெக்கானிக் குனிந்தவர் நிமிரவே இல்லை. “இது மீட்டர் கோளாறு மாதிரி தெரியலையே.”

“ஃபேனுக்கும் முள்ளுக்கும் பொதுவா ஏதாவது இருக்கா அங்கிள்?”

மெக்கானிக் தாடையைச் சொறிந்தார். திடீரென்று விரலைச் சொடுக்கினார்.

“எர்த்! எர்த் வயர்! உள்ளே வந்த கரன்ட் திரும்பிப் போகவும் ஒரு வழி வேணும் பாப்பா. மீட்டர், ஃபேன், இண்டிகேட்டர் எல்லாத்துக்கும் திரும்பற வழி ஒரே போல்ட்தான். அந்த வழி அடைச்சிருந்தா? ஃபேன் ஆள் கூட்டத்தோட வந்து நெருக்கும். பாவம், மீட்டர் நடுவுல மாட்டிக்கிட்டு உளறும்.”

அவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மல்லாந்து படுத்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தார். கொஞ்ச நேரம் முனகல் மட்டும் கேட்டது. பிறகு, “ஆஹா!” என்றார். கையில் ஒரு போல்ட்டோடு வெளியே வந்தார். அதன் மேல் துரு பொடிப்பொடியாகப் பூத்திருந்தது.

“நாலு கறுப்பு வயர் இதை நம்பித்தான் இருக்கு. இது கையாலேயே சுத்துது!”

உப்புத்தாளால் தேய்த்தார். வயரின் முனைகளையும் பளிச்சென்று ஆகும் வரை தேய்த்தார். வேறு போல்ட் போட்டு, ஸ்பேனரால் இறுக்கினார். குடைச்சல் ஃபேனைப் போட்டாள், அணைத்தாள், இண்டிகேட்டரைப் போட்டாள், எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டாள். முள் பூஜ்யத்திலேயே இருந்தது.

“மீட்டரை மாத்தியிருந்தா, மூணு வாரம் கழிச்சு புது மீட்டரும் இதே கூத்துதான் அடிச்சிருக்கும்,” என்றார் மெக்கானிக். கொஞ்சம் தயங்கி, “உன் நோட்டை ஒரு நாள் கொண்டுவா பாப்பா. நானும் பார்க்கறேன்,” என்றார்.

அப்பா அத்தையின் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு போல்ட்மேலதான்.”

“சரி, சரி. தள்ளி உட்காரு. நான் ஓட்டறேன்,” என்றார் அத்தை.

ஜன்னலை ஏற்றி, ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு அத்தை வீடு வரை ஓட்டினார். இருபது என்றால் இருபது. முப்பது என்றால் முப்பது. வழியில் ஒருமுறைகூட அலறல் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு டெஸ்ட். அதிகாரி விளக்கைப் பார்த்தார், ஹாரனை அடித்தார், மீட்டரைப் பார்த்தார். பிறகு அத்தையோடு காரில் ஏறிப் போனார். அப்பாவும் குடைச்சலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இருபது நிமிடத்தில் அப்பா பத்து விரல் நகத்தையும் கடித்து முடித்தார்.

கார் திரும்பி வந்து, கோட்டுக்குள் சரியாக நின்றது. அதிகாரி இறங்கி ஏதோ எழுதினார்.

“யார் சொல்லிக் கொடுத்தது?”

“நான்தான் சார்!” என்று எழுந்தார் அப்பா.

“பிரேக்கை இன்னும் கொஞ்சம் மெதுவா மிதிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்,” என்றவர், அத்தையிடம் தாளை நீட்டினார். “பாஸ்.”

அத்தை தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, குடைச்சலை இழுத்து அணைத்துக்கொண்டார்.

திரும்பும்போது முன் சீட்டில் குடைச்சல் உட்கார்ந்தாள். அப்பா பின்னால் ஏறினார். வீட்டு வாசலில் கார் நின்றபோது, பின்னாலிருந்து கொர் கொர் என்று சத்தம் வந்தது. இன்ஜினோ என்று இருவரும் பயந்து திரும்பினார்கள்.

இத்தனை நாளாக அத்தை ஓட்டும்போது இமைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்த அப்பா, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

“எழுப்பட்டுமா?” என்றாள் குடைச்சல்.

“வேண்டாம்,” என்றார் அத்தை, கியரைப் போட்டபடி. “இன்னொரு சுத்து போயிட்டு வரலாம்.”