அரை விரல்

குடுவையில் நீலம் அணைந்துவிட்டது. ஜெஸ்மியின் இடது மணிக்கட்டில் அணையவில்லை.

ஆய்வகத்தின் சன்னல்களுக்கெல்லாம் கறுப்புச் சார்ட் ஒட்டி, மத்தியான வெயிலை வெளியே நிறுத்தி, காலை முழுக்கக் காய்ச்சியும் வடிகட்டியும் அவள் செய்த லுமினால் அது. பெராக்சைடு ஊற்றியதும் பளிச்சென்று ஒளிர்ந்து, வகுப்பே கைதட்டி முடிப்பதற்குள் மங்கிப்போனது. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். எக்ஸாஸ்ட் ஃபேனின் கரகரப்பும் மூக்கைக் குத்தும் மருந்து வாடையும்தான் மிச்சம்.

சனியன், தெறித்திருக்கும். இருட்டிலேயே குழாயைத் திறந்து கழுவினாள். போகவில்லை. சோப்புப் போட்டாள். இன்னும் தெளிவானது.

பிளீச்சிங் பவுடராக்கும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரத்தம் பட்ட இடத்தில் மட்டுமல்ல, அது பட்ட இடத்திலும் லுமினால் ஒளிரும். அன்று ராத்திரியிலிருந்து அந்தக் கையை அவள் பிளீச்சிங் போட்டல்லவா தேய்க்கிறாள்.

ஆனால் பிளீச்சிங்குக்கு விரல் உண்டா?

பெருவிரல். சுற்றி வளைத்து மற்றவை. நடுவிரல் மட்டும் பாதியில் நின்றது.

அன்று ராத்திரி அமரவிளை வளைவில் கரோல் பிராக்டீசுக்கு நேரமாச்சென்று ஸ்கூட்டரை விரட்டி வந்தவள், ரோட்டைக் கடந்த மணியனை இடித்துத் தள்ளினாள். ரத்தக் கையால் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "மக்கா, போவாத." ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டுப் போனாள். போய், சர்ச்சில் நின்று தனியாகப் பாட்டும் பாடினாள், சீ! இடித்தது யாரென்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது. துக்கவீட்டில் மணியனின் மனைவி குஞ்சம்மா, இதே ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறவள், இவள் தோளில் விழுந்து, "நீயாவது வந்தியே மக்கா" என்று அழுதாள். அதையும் கூசாமல் வாங்கிக்கொண்டாள்.

கதவு திறந்து, தானாகச் சாத்திக்கொண்டது.

"இருட்டுல என்ன செய்யுத மக்கா?" குஞ்சம்மாவின் குரல்.

"லைட்டைப் போடுங்க அக்கா. சீக்கிரம்."

சுவிட்ச் தட்டும் சத்தம். இருட்டு. ஃபேனும் நின்றிருந்தது.

"கரண்டு போயாச்சு. அதென்ன, கையில?"

ஜெஸ்மி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். நீலம் சுவரில் விழுந்தது. ஈரச் செருப்பு பக்கத்தில் வந்தது. பாத்திரம் தேய்த்த விரல்கள் அவள் கையை முன்னே இழுத்து, வெளிச்சத்தை ஒவ்வொன்றாகத் தடவி, அரை விரலில் நின்றன.

"இது... ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின்ல போன விரலாக்கும்." குஞ்சம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "அவருக்க கையில்லா இது?"

நானாக்கும் அக்கா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய் திறந்தாள். வரவில்லை. வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஓடினால் போதும். கையை இழுத்தாள். வரவில்லை.

"விடுங்க அக்கா."

மறுபடியும் இழுத்தாள்.

"அக்கா, வலிக்குது. விடுங்க."

"நான் அப்பவே விட்டாச்சே மக்கா." குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது.

நீலம் இறுகியது. ஒவ்வொரு விரலாக. கடைசியில் அந்த அரை விரலும்.