எத்தனையாவது மைன்ஹார்ட்?

1976, அக்டோபர் 14. வியாழன். காலை 8.10.

உறை இருந்தது. உள்ளே இருக்க வேண்டிய பத்திரம் இல்லை.

ரோஸ்விதா பாப்ஸ்ட் அந்தச் சாம்பல் நிற உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். பக்கத்து உறைகளைப் பார்த்தாள். தட்டைக் கையால் துழாவினாள். இரும்பு அலமாரியின் பூட்டு உடைபடவில்லை. இரண்டு நிமிடத்துக்கு முன் அவளேதான் சாவி போட்டுத் திறந்திருந்தாள்.

லோரன்ஸ்டைன் கோட்டையின் கீழ்த்தளத்து ஆவணக் காப்பகத்தில் அவள் பத்தொன்பது வருடமாக எழுத்தர். இதுவரை ஒரு துண்டுச் சீட்டுகூடத் தொலைந்ததில்லை. இப்போது தொலைந்திருப்பது ஊரே கொண்டாடும் மூன்றாம் மைன்ஹார்ட் பிரபுவின் பத்திரம். 1394-இல் ஊருக்குச் சந்தை கூட்டும் உரிமையை எழுதிக்கொடுத்த ஆட்டுத்தோல்.

“என்ன ரோஸ்விதா, ஆட்டைக் காணோமா?” என்று பின்னால் நின்ற லீஸலோட் ஆம்ரைன் சிரித்தார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று காப்பகம் திறக்கும் முன்பே வந்து குளிரில் நின்றவர் அவர்தான். ரோஸ்விதாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

அலமாரிக் கதவில் பதிவேடு தொங்கியது. எதை யார் வெளியே எடுத்தாலும் அதில் எழுத வேண்டும். கடைசி வரி பெரிய அச்செழுத்தில் இருந்தது.

“13.10., மாலை 4.00. இரண்டாம் மைன்ஹார்ட் பத்திரம். தோல் பழுதுபார்க்க. ரோ.பா.”

“இதை நான் எழுதலை” என்றாள் ரோஸ்விதா. அங்கேயே ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

காலை 9.05.

இன்ஸ்பெக்டர் இர்ம்கார்ட் டோல்கே சிகரெட்டை விட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. கை சும்மா இருக்க மறுத்தது. வந்ததிலிருந்து உட்காரவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். கூட வந்த காவலர்கள் கட்டடம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை விடாமல் அடித்தது. மேலே டைரக்டர் அறையில் தொலைபேசி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அலறியது.

“யாருங்க அது, இப்படி விடாம கூப்பிடறது?”

“அச்சகம்” என்றார் டைரக்டர் ஓட்டோகார் ஸைபோல்ட். எரிச்சலில் அவர் கழுத்து சிவந்திருந்தது. “எங்க வரலாற்றுக் குழுவோட புத்தகம் நாளைக்கு அச்சேறணும். திருத்தின தாள் பதினொன்றரை மணி ரயில்ல போகணும். இதுக்கு நடுவுல இந்தக் கண்றாவி.”

“சாவி எங்க இருக்கும்?”

“என் அறையில, ஆணியில. அறையைப் பூட்டறதில்லை. ஆனா அலமாரியைத் திறக்கறது ரோஸ்விதாதான். பதிவேட்டுல அவ பேரு. இன்னும் என்ன வேணும்? ராஜினாமா கடிதம் டைப் அடிக்கச் சொல்லிட்டேன். கையெழுத்துப் போட்டுட்டா விஷயம் பேப்பருக்குப் போகாம பாத்துக்கலாம்.”

“அவ்வளவு அவசரமா?”

“எனக்கு இந்தக் காப்பகத்தோட பேரு முக்கியம்.”

“அவங்களுக்கும் ஒரு பேரு இருக்கே” என்று சொல்லிவிட்டு டோல்கே வெளியே நடந்தாள்.

காலை 9.30.

ரோஸ்விதா இரண்டு கையாலும் காப்பிக் கோப்பையைப் பிடித்திருந்தாள். குடிக்கவில்லை.

“நேத்து எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?”

“நாலரை. சாவியை ஆணியில மாட்டிட்டுப் போனேன். வாசல் காவலாளி பையைப் பாத்தாரு. எல்லாருக்கும் பாப்பாரு. டைரக்டர் பையைக்கூட.”

“நாலு மணிக்கு அலமாரியைத் திறந்தீங்களா?”

“இல்லை. சத்தியமா இல்லை. மூணாம் மைன்ஹார்ட்டை நான் தொட்டே ஒரு வருஷம் ஆச்சு.” கோப்பையைக் கீழே வைத்தாள். “இது சின்ன ஊரு இன்ஸ்பெக்டர். அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டேன்னா, நாளைக்கு ரொட்டிக் கடையில நின்னாக்கூட எல்லாரும் என் பையைத்தான் பாப்பாங்க.”

“போடாதீங்க. பேனாவே கையில எடுக்காதீங்க.”

டோல்கே மறுபடி பதிவேட்டின் முன்னால் போய் நின்றாள். பெரிய அச்செழுத்து. யாருடைய கை என்று அதில் கண்டுபிடிக்க முடியாது. எழுதியவருக்கு அது தெரிந்திருக்கிறது. ஆனாலும் அந்த வரியில் ஏதோ ஒன்று அவள் கண்ணில் உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

காலை 9.50.

“நேத்து சாயங்காலம் குழுக் கூட்டம் நடந்துச்சாமே?”

“அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும்” என்றார் லீஸலோட். “டைரக்டர், புரொஃபசர் வீப்ரெக்ட், நான். மூணே பேர்.”

“எதைப் பத்தி?”

“ஒரு பட்டியலுக்கு என்ன தலைப்பு வைக்கிறதுன்னு. சிரிக்காதீங்க. நாலு வருஷமா இந்தச் சண்டை. அந்தப் பிரபுக்களே தங்களுக்குள்ள இவ்வளவு அடிச்சுக்கலை.”

டோல்கே சிரிக்கவில்லை. “சொல்லுங்க. நான் நடந்துக்கிட்டே கேக்கறேன்.”

“புரொஃபசர் ‘லோரன்ஸ்டைன் பிரபுக்கள்’னு தலைப்புப் போட்டு, குடும்ப வரிசையில எழுதியிருந்தாரு. அப்பன், பிள்ளை, பேரன்னு ஒரே வரிசை. நான் அது தப்புன்னேன். இந்த நாட்டை அண்ணன் தம்பிங்க எத்தனை தடவை பங்கு போட்டிருக்காங்க! மேல்கோட்டை ஒருத்தனுக்கு, கீழ்க்கோட்டை ஒருத்தனுக்கு. அதனால ‘லோரன்ஸ்டைனை ஆண்டவர்கள்’னு தலைப்பு வச்சு, கோட்டைக்கு ஒரு பத்தியாப் பிரிச்சுப் போடணும்னேன். பேருக்குப் பிரபுவாப் பிறந்து ஒருநாளும் ஆளாதவனைத் தூக்கிடணும்.”

“யார் ஜெயிச்சா?”

“நான்தான். அதான் எனக்கே ஆச்சரியம். நாலு வருஷமா மல்லுக்கட்டின மனுஷன் நேத்து, அச்சுக்கு நேரமாச்சுன்னு ரெண்டு மணி நேரத்துல சரின்னுட்டாரு. பாதிரியாப் போன ஒரு மைன்ஹார்ட்டை வெளியே தள்ளினோம். அவரு ரெண்டாவது. அதனால நம்ம சந்தை மைன்ஹார்ட் மூணாவதுலேர்ந்து ரெண்டாவதா ஆயிட்டாரு. குடும்ப மரம்னு பெரிய வரைபடம் ஒண்ணு இருந்துச்சு, அதுவும் வேண்டாம்னு விட்டாச்சு. பட்டியல் கோட்டைவாரியாப் போகும்போது குடும்ப மரம் எதுக்கு?”

டோல்கேயின் நடை நின்றது.

“இந்த முடிவு வெளியே யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. ஏழு மணிக்கு டைரக்டர் என்னைத் தன் கார்லேயே வீட்டுல இறக்கிவிட்டாரு. புரொஃபசர் மட்டும் தாளைத் திருத்தணும்னு படிப்பறையில உக்காந்துட்டாரு.”

“நீங்க இன்னைக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?”

லீஸலோட் தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன விளக்கை எடுத்து வைத்தார். ஊதா ஒளி விளக்கு. தோலில் சுரண்டி அழித்த பழைய எழுத்தைக் காட்டிக்கொடுப்பது.

“கோட்டைவாரியாப் பிரிச்சதும் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. 1394-லேர்ந்து 1401 வரைக்கும் மேல்கோட்டைப் பத்தியில ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. ஒருத்தர் மைன்ஹார்ட். இன்னொருத்தர், கோட்டையை அடமானமா வாங்கி வச்சிருந்த பிஷப். ஒரே நாற்காலியில எப்படி ரெண்டு பேர்? மைன்ஹார்ட் அங்க ஆண்டாருங்கறதுக்கு அந்தப் பத்திரம் ஒண்ணுதான் சாட்சி. குடும்ப வரிசையில எழுதினப்ப இது தெரியவே இல்லை. அடுத்த வாரம் பத்திரத்தைப் பாக்கலாம்னு கூட்டத்துல சொன்னேன். ஆனா வீட்டுக்குப் போனா மனசு கேக்கலை.”

காலை 10.20.

புரொஃபசர் குண்டோல்ஃப் வீப்ரெக்டுக்கு அறுபத்தொரு வயது. நேர்த்தியான கோட்டு. வலது கை விரல்களில் சிவப்பு மை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நேத்து எத்தனை மணி வரைக்கும் இருந்தீங்க?”

“எட்டேகால். காவலாளியைக் கேட்டுப் பாருங்க. என் பையைக் கொட்டிப் பாத்துட்டுத்தான் விட்டாரு.”

“எத்தனை இடத்துல திருத்துனீங்க?”

“நாற்பத்திரண்டு. ஒவ்வொரு இடத்துலயும் எண்ணை மாத்தணும். சலிச்சுப்போற வேலை.”

“உதவிக்கு யாராவது?”

“என் வேலையை நான்தான் செய்வேன்.” எழுந்துவிட்டார். “ரயிலுக்கு நேரமாச்சு. அச்சகத்துப் பொட்டலத்தை நானே கொண்டுபோறேன்.”

மேஜைமேல் பழுப்புத் தாள் சுற்றிய கட்டு ஒன்றும், நீளமான அட்டைக் குழாய் ஒன்றும் இருந்தன. இரண்டிலும் காப்பகத்தின் அரக்கு முத்திரை.

“ரயிலுக்குக் கொண்டுபோக அச்சகத்துலேர்ந்து வந்த ஆள் வாசல்ல மோட்டார் சைக்கிளோட நிக்கறாரே?”

“மழையில நனைச்சுடுவான். இது சாதாரணத் தாள் இல்லை.”

“எப்ப முத்திரை வச்சாங்க?”

“இன்னைக்குக் காலையில, எட்டு மணிக்கு. டைரக்டரே வச்சாரு. முத்திரை வச்சதைக் காவலாளி பிரிக்க மாட்டாரு.” அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

“அஞ்சு நிமிஷம் உக்காருங்க” என்றாள் டோல்கே. “எல்லாரையும் கூப்பிடறேன்.”

காலை 10.40. படிப்பறை.

டைரக்டர் ராஜினாமா கடிதத்தோடு வந்தார். ரோஸ்விதா கதவோரம் நின்றாள். மேலே தொலைபேசி அலறிக்கொண்டே இருந்தது. இந்த முறை யாரும் எடுக்கப் போகவில்லை.

டோல்கே பதிவேட்டை மேஜையில் விரித்தாள்.

“டைரக்டர், நேத்து மாலை நாலு மணிக்கு உங்களை யாராவது கேட்டிருந்தா, சந்தை உரிமை கொடுத்தவர் எத்தனையாவது மைன்ஹார்ட்னு சொல்லியிருப்பீங்க?”

“மூணாவது. இந்த ஊர்ல குழந்தைகூடச் சொல்லும்.”

“இதைப் படிங்க.”

டைரக்டர் குனிந்தார். உதடு அசைந்தது. நிமிரவே இல்லை.

“இரண்டாம் மைன்ஹார்ட்” என்றாள் டோல்கே. “அவர் ரெண்டாவதா ஆனது உங்க கூட்டத்துல. அஞ்சு மணிக்கு அப்புறம். ரோஸ்விதா நாலரைக்கே கிளம்பிட்டாங்க. இன்னைக்குக் காலையில என்கிட்டக்கூட ‘மூணாம் மைன்ஹார்ட்’னுதான் சொன்னாங்க. இதை எழுதினவர் நேரத்தைக் கூட்டத்துக்கு முன்னாடியா மாத்திப் போட்டாரு. எண்ணைப் பழையபடி மூணா எழுத மறந்துட்டாரு.”

“அப்படீன்னா எங்க மூணு பேர்ல ஒருத்தர்” என்றார் லீஸலோட்.

“நீங்களும் டைரக்டரும் ஏழு மணிக்கு ஒரே கார்ல போயிட்டீங்க. ஒருத்தர் மட்டும் இங்க தனியா உக்காந்து, மூணை அடிச்சு ரெண்டு, மூணை அடிச்சு ரெண்டுன்னு நாற்பத்திரண்டு தடவை எழுதினாரு. முப்பது வருஷப் பழக்கத்தைக் கையிலேர்ந்து கழற்றினாரு. அந்தக் கையோட போய்ப் பதிவேட்டையும் எழுதினாரு. நாற்பத்தி மூணாவது தடவை.”

வீப்ரெக்ட் சிவப்பு விரல்களை மடக்கிக்கொண்டார். “இது வெறும் ஊகம். பத்திரம் எங்கே? கட்டடம் முழுக்கத் தேடிட்டீங்களே.”

“தேடினோம். டைரக்டரோட முத்திரையை மட்டும் யாரும் தொடலை.” டோல்கே அட்டைக் குழாயைக் கையில் எடுத்தாள். “இதுல என்ன இருக்கு?”

“குடும்ப மரம்” என்றார் டைரக்டர். “புரொஃபசர் காலையில இங்கேர்ந்து எடுத்துட்டு வந்தாரு. பழைய பழக்கத்துல நானும் முத்திரை வச்சுட்டேன்...”

“வேண்டாம்னு விட்ட வரைபடம்! அது எதுக்கு அச்சகத்துக்குப் போகுது?”

டோல்கே அரக்கை உடைத்தாள். குடும்ப மரம் சுருண்டு வெளியே வந்தது. அதற்குள் இன்னொரு சுருள். மஞ்சளேறிய ஆட்டுத்தோல்.

லீஸலோட் திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டார். ஊதா ஒளியில், சந்தை உரிமை வரிகளுக்கு அடியில் வேறு வரிகள் மெல்ல எழும்பின. யாரோ ஒரு மாவு ஆலைக்காரர் 1394-க்கு வெகுகாலம் பின்னால் எழுதிக்கொடுத்த வாடகை ஒப்பந்தம். மைன்ஹார்ட் என்ற பெயரே அதில் இல்லை.

“சுரண்டிட்டு மேல எழுதியிருக்கு” என்றார் லீஸலோட்.

வீப்ரெக்ட் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

“1949” என்றார். “போர்க்கைதி முகாம்லேர்ந்து வந்தேன். முப்பத்தி நாலு வயசு. வேலை இல்லை. ஊர்ல ஒரு கூரை முழுசா இல்லை. இங்க சந்தை வைக்க உரிமையே கிடையாதுன்னு பக்கத்து ஊர்க்காரங்க வழக்குப் போட்டிருந்தாங்க. ஒரு பழைய பத்திரம் கிடைச்சாப் போதும்னாரு மேயர். கிடைக்கலை. செஞ்சேன். முதல் சந்தை அன்னைக்கு ஜனங்க அழுதாங்க. என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. அப்புறம் பல்கலைக்கழகத்துல வேலை, பட்டம், புத்தகம். எப்படித் திருப்பிச் சொல்றது?”

“அந்தச் சந்தைக்கு நானும் போனேன்” என்றார் லீஸலோட். “முட்டை வாங்கினேன். அது வேற, குண்டோல்ஃப். இந்தப் பொண்ணு பேரை எதுக்கு எழுதினீங்க?”

வீப்ரெக்ட் முதல்முறையாகக் கதவுப் பக்கம் பார்த்தார். “பழுதுபார்க்கப் போயிருக்குன்னா ஒரு மாசம் யாரும் தேட மாட்டாங்கன்னு நினைச்சேன். அதுக்குள்ள புத்தகம் வந்துடும். உங்களைப் பத்தி நான் நினைக்கவே இல்லை, ரோஸ்விதா.”

“பத்தொன்பது வருஷமா உங்களுக்கு அலமாரி திறந்துவிட்டேன்” என்றாள் அவள். “நினைச்சிருக்கலாம்.”

டைரக்டர் கையிலிருந்த கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். கிழித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். “ரோஸ்விதா, நான்...”

“அப்புறம் பேசலாம், டைரக்டர். இப்ப வேண்டாம்.”

லீஸலோட் மேலே போய்த் தொலைபேசியை எடுத்தார். “அச்சை நிறுத்துங்க. பட்டியல்லேர்ந்து ஒருத்தரைக் கழிக்கணும்” என்று அவர் சொல்வது கீழேவரை கேட்டது.

காலை 11.40.

புரொஃபசரைக் காவல் வண்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. டோல்கே அன்று முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து, ரோஸ்விதாவின் வாக்குமூலத்தை எழுதத் தொடங்கினாள்.

“முழுப் பேரு?”

“ரோஸ்விதா மார்கா பாப்ஸ்ட்.”

“வீட்டு விலாசம்?”

ரோஸ்விதா வாயைத் திறந்தாள். மூடினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை சிரிப்பாக வெடித்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மூன்றாம் மைன்ஹார்ட் தெரு. பதினாலாம் நம்பர்.”

டோல்கேயின் பேனா நின்றது. “அப்படியே எழுதட்டுமா?”

“எழுதுங்க. தபால்காரருக்கு இன்னும் விஷயம் தெரியாது.”