ஸ்டெஃபியின் படம் தெளிந்தபோது

மகளின் சிரிப்பு கேட்டது. திரையில் அவள் உதடு அசையவில்லை. அருள்தாஸ் முதலில் கம்ப்யூட்டரைத்தான் திட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனைவி தெரசா ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தாள். மீன் குழம்பு வாசனை இன்னும் தங்கியிருந்த அந்த மேனாம்பேட்டு வீட்டுக் கூடத்தில், இரண்டு தெரு தள்ளி யாரோ கிரில் அறுக்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்க, மேஜைக்கடியில் இருந்த பெட்டிக்குள் விசிறி சளி கட்டிய தொண்டைபோல உறுமி உறுமி அடங்க, புனேயில் தனி அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் ஸ்டெஃபியின் முகத்தின் மேல் பச்சைக் கோடுகள் மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டிருந்தன. காலையில்தான் எதிர்வீட்டு தினேஷ் வந்து பெட்டியைத் திறந்து ரேம் சில்லைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து மாட்டிவிட்டுப் போயிருந்தான். "பழைய சிஸ்டம்ணே. மெதுவாத்தான் எய்ந்திரிக்கும். படமும் இப்டிதான் ஆடிகினு இருக்கும்" என்று சொல்லியிருந்தான்.

படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். கறுப்புத் திரை. நடுவில் வெள்ளைப் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். பொறுமை போய், செல்போனில் அவளைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்கப்பா."

"சிஸ்டம் மறுபடி மக்கர் பண்ணுதும்மா. நீ பேசறது ஒரு பக்கம் வருது, உன் வாய் ஒரு பக்கம் கீது."

"நெட்டு ஸ்லோவா இருக்கும்பா." சிரித்தாள். முன்பு கேட்ட அதே சிரிப்பு. அதே நீளம். அதே இடத்தில் ஒரு மூச்சு.

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

பதினோராவது நிமிடம் கம்ப்யூட்டர் எழுந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே வீடியோவில் அவளை அழைத்தார். கோடு இல்லை. நடுக்கம் இல்லை. அந்தத் திரை இவ்வளவு துல்லியமாக இருந்து அவர் பார்த்ததே இல்லை.

ஸ்டெஃபி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மேஜைமேல் விரிந்திருந்தன. கையில் போன் இல்லை. காதில் எதுவும் இல்லை. உதடுகள் இறுக மூடியிருந்தன. கண்ணீர் மட்டும் மோவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்பத் தெளிவாத் தெரியுதாப்பா?" என்றது போனில் குரல்.

"பக்கத்துல... யாரும்மா?"

"யாருமில்லப்பா. நான் மட்டும்தான்."

திரையில் அவள் அவரையே பார்த்தாள். இமைக்கவில்லை.

"உங்களையும் அம்மாவையும் பாக்கணும்போல இருக்குப்பா. காலைல வீட்டுக்கு வந்துடறேன். கதவைத் தொறந்து வைங்க."

திரையில் அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. மெதுவாக. மறுபடியும்.

"ஸ்டெஃபீ!" திரையை ஒரு கையால் பற்றிக்கொண்டார். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னப்பா, பதிலையே காணோம்? வரட்டுமா?"

படம் உறைந்தது. மவுஸை அழுத்தினார். அசையவில்லை. மறுபடி அழுத்தினார். பாதி திரும்பிய முகம். அவர்மேலேயே நின்றுவிட்ட கண்கள். அவள் தோளுக்குப் பின்னால், வெளியிலிருந்து மெல்லத் திறந்துகொண்டிருந்த அறைக் கதவு.