மூன்று ஊசிகளும் ஒரு பனங்கட்டிப் பேணியும்

"உமக்கெண்டு ஒரு பொருள் அந்த மலை உச்சியில இருக்கு. ஒரு தகரப் பேணிக்குள்ள போட்டு, கற்குவியலுக்குக் கீழ வச்சிருக்கிறன். உம்மட சொந்தக் காலில ஏறி வந்துதான் எடுக்கவேணும்!"

யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடிந்து நோர்வேயில் வந்து இறங்கிய அன்று, மயூரதன் தன் மனைவிக்கு விட்ட சவால் இது. யசோதினி பனியைக் கண்டதே அன்றுதான்!

இரண்டு குளிர்காலம் விழுந்தாள், எழும்பினாள். அவன் பழக்கியது டெலிமார்க் என்ற பனிச்சறுக்கு. அதில் சப்பாத்தின் நுனிதான் சறுக்குப் பலகையோடு பூட்டியிருக்கும்; குதிகால் எழும்பும். திரும்பும்போது ஒரு முழங்காலை மடித்து, சாமி முன்னால் மண்டியிடுவதுபோல் தாழவேண்டும்.

சொந்தப் பலகை வாங்கப் போன கடையில் சண்டை வந்தது. சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கில் எதை எடுப்பது?

"என்ர மாதிரி இதை எடும். கேபிள் குதிகாலைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கும். பழகிற ஆளுக்குத் திரும்ப லேசு."

அவள் கையில் வேறொன்று இருந்தது. அதிலும் கேபிள் உண்டு. கூடவே முன்னால் மூன்று குட்டி ஊசிகள். சப்பாத்தின் மூக்கிலுள்ள துளைகளில் அவை இறங்க, மேலிருந்து ஒரு கவ்வி அமுக்கும்.

"உது மியூசியத்தில வைக்கிற சாமான்!"

"கேபிளைக் கழட்டினாலும் சப்பாத்து நிக்குமோ?" என்று கடைக்காரரிடம் மெல்லக் கேட்டாள். நிற்கும், ஆனால் ஆடும் என்றார் அவர்.

"அப்ப இதுதான். ஒரு கேபிள் அறுந்தா?"

"கேபிள் எங்கயப்பா அறும்!" என்று சிரித்தான் மயூரதன். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் மியூசியம்.

ஈஸ்டர் விடுமுறையில் அந்த மலைக்கு மூவர் புறப்பட்டார்கள். மூன்றாவது ஆள் மயூரதனின் தங்கை அபிரா. நோர்வேயிலேயே பிறந்தவள், பனியில் பறப்பாள். அவளுடையது கேபிள் இல்லாத வேறு ரகப் பலகை.

ஏற்றத்தில் யசோதினி கேபிள்களைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். ஊசிகளில் மட்டும் நின்று இலேசாக நடந்தாள்.

"அண்ணா, உன்ர மியூசியம் முந்துது!"

உச்சி! கற்குவியல்! யசோதினி பலகைகளைக் கழற்றிவிட்டு முட்டுக்காலில் விழுந்து தோண்டினாள். பேணி கிடைத்தது. மூடியை நெம்பித் திறந்தாள். உள்ளே பனங்கட்டி, ஊர்ப் பனைவெல்லம், கல்லாக உறைந்து.

"பனங்கட்டி இல்லாமத் தேத்தண்ணி இறங்காதெண்டு கலியாணத்துக்கு முந்தி ஃபோனில சொன்னனீரெல்லே?"

அவள் அவன் தோளில் சாய்ந்தாள். ஒரு துண்டைக் கடித்தாள். பல்தான் வலித்தது.

"கொஞ்சினது காணும்! மேற்கால பாருங்கோ!" அபிரா கத்தினாள்.

வானமும் மலையும் தெரியாமல் ஒரு சாம்பல் சுவர் வந்துகொண்டிருந்தது. புயல்! மயூரதன் அவசரமாகக் குனிந்து இடது கேபிளை இழுத்துப் பூட்டினான்.

டக்!

கேபிள் அறுந்தது. அவன் பலகையில் ஊசி இல்லை, சப்பாத்து நழுவியது. பனியில் கால் வைத்தான், இடுப்பளவு புதைந்தான். கயிற்றால் கட்டிப் பார்த்தார்கள். இரண்டு தரமும் வழுக்கியது.

"நீங்கள் ரெண்டு பேரும் இறங்குங்கோ. நான் ஒரு குழி தோண்டி இருக்கிறன்," என்றான். சிரிக்கப் பார்த்தான். உதடு நீலமாக இருந்தது.

"விசர்க் கதை கதையாதேங்கோ!"

சத்தம் போட்டது யசோதினி. அபிராவே திரும்பிப் பார்த்தாள். யசோதினி பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டும் ஒரே கம்பனி. நீளத்தைத் திருகினாச் சரிவரும்."

"அப்ப நீர்?"

"எனக்கு மூண்டு ஊசி இருக்கு."

வலது காலில் மற்றக் கேபிளைப் பூட்டினாள். இடது கால் ஊசிகளில் ஏறமறுத்தது. துளைகளுக்குள் பனிக்கட்டி! தொப்பிக்குள் கைவிட்டு ஒரு கொண்டை ஊசியை உருவினாள். துளை துளையாகக் குடைந்து, மிதித்தாள். கவ்வி இறங்கிப் பூட்டிக்கொண்டது.

அபிரா முன்னால். நடுவில் யசோதினி. பின்னால் மயூரதன்.

வலப்பக்கம் திரும்புவது சுகம். இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம், மடித்த இடது கால் ஊசிகளில் ஆடியது. ஒருமுறை தலைகுப்புற விழுந்தாள். எழுந்து பார்த்தாள். ஊசிகள் விடவில்லை!

"அண்ணி, முழங்கால்! இன்னும் பதிச்சு!"

காற்று அறைந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. காதுக்கு மட்டும், பின்னால் அவன் பலகை பனியைக் கீறும் சத்தம் கேட்டது. அது கேட்கக் கேட்க அவள் தாழ்ந்தாள், திரும்பினாள், தாழ்ந்தாள், திரும்பினாள்.

கால்களுக்குக் கீழே சரிவு முடிந்தது. எதிரே அவர்களுடைய கார்!

கதவைச் சாத்தியதும் புயல் கூரையில் மோதியது. அபிரா குடுவையிலிருந்து தேத்தண்ணி வார்த்தாள். மூவரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள்.

"கடை திறந்த உடன எனக்கும் மூண்டு ஊசிதான்," என்றான் மயூரதன்.

"மேலதிகமா ஒரு கேபிளும்," என்றாள் அபிரா. "ஒண்டு கைவிட்டா இன்னொண்டு பிடிக்கவேணும், அண்ணா."

அவன் யசோதினியின் தொப்பியிலிருந்து உருகி வழிந்த பனியைத் துடைத்துவிட்டான்.

"கொண்டை ஊசியும் அந்தக் கடையில விக்குமோ?"

"விக்காது," என்றாள் அவள். "அதுக்கு நான்தான் கூட வரவேணும்."