படித்தது, எழுதியது

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் தீப்பெட்டி ஆபீஸே காலியாகக் கிடக்க, பொன்மணி கீபோர்டிலிருந்து கையை எடுத்த பிறகும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் எதையோ படித்துக்கொண்டிருந்தது. கர்ர்ர், கர்ர்ர் என்று, எலி மரப்பெட்டியைச் சுரண்டுவதுபோல. சன்னலுக்கு வெளியே வெடித்துக் கிடந்த கரிசலில் ஒரு காக்கைகூட இல்லை. தீக்குச்சிக்கு மருந்து முக்கும் கொட்டகை எரிந்து இத்தனை நாளாகியும் அதன் கருகிய வாடை அனலோடு வந்து அறைக்குள் தங்கியது.

கம்ப்யூட்டர் ஏன் இப்படி மந்தமாகிவிட்டது என்று பார்க்கச் சொல்லியிருந்தார் முதலாளி சுந்தரபாண்டியன். டேட்டாபேஸ் டிஸ்கிலிருந்து எத்தனை தடவை படித்தது, எத்தனை தடவை எழுதியது என்று காட்டும் திரையைத் திறந்தாள். எழுதிய கணக்கு அசையவில்லை. படித்த கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது. வேலையாட்களின் பெயர்கள் இருக்கும் அட்டவணையைத்தான் அது படித்தது. இருக்கிற பெயரைக் கேட்டால் கிடைத்த இடத்தில் நின்றுவிடும். இல்லாத பெயரைக் கேட்டால்தான் கடைசி வரி வரை அலசும். நினைவகம் சின்னதான பழைய மெஷின், கேட்கும்போதெல்லாம் டிஸ்குக்கே ஓடும்.

யாரோ இல்லாத பெயரைத் தேடுகிறார்கள்.

அப்படி ஒரு பெயர்தான் உண்டு. வெள்ளைத்தாய். கொட்டகையோடு வெந்துபோனவள்.

"அவ நம்ம ஆபீஸ்ல வேலையே பாக்கல, கேட்டியா? பேர எடுத்துரு தாயி," என்று, நஷ்டஈட்டுக்குப் பயந்து, தீப்பிடித்த மறுநாளே சொல்லியிருந்தார் முதலாளி. பொன்மணியும் எடுத்துவிட்டிருந்தாள். வேலை போனால் தனிக்கட்டைக்கு யார் சோறு போடுவார்கள்? மத்தியானமானால் தூக்குச்சட்டியோடு இந்த அறைக்கு வந்து, "ஏட்டி, சாப்பிட்டியா?" என்று கேட்க கோவில்பட்டியில் அவளுக்கு இருந்தது வெள்ளைத்தாய் ஒருத்திதான். அவள் போன பிறகு யாரும் கேட்கவில்லை.

வாடை நெருங்கியது. பக்கத்து நாற்காலி முனகியது, ஆள் உட்கார்ந்ததுபோல. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

சத்தம் நின்றது.

எழுதிய கணக்கில் ஒன்று கூடியது.

அட்டவணையைத் திறந்தாள். வெள்ளைத்தாய் இருந்தாள். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்ற வரியில். அது பொன்மணியின் வரி.

தன் பெயரைத் தட்டித் தேடினாள். கர்ர்ர். கணக்கு ஏறியது. ஏறியது. இல்லை. மறுபடி தட்டினாள். இல்லை.

கதவு திறந்தது. வாட்ச்மேன் வெயிலுமுத்து.

"அண்ணாச்சி!"

அவர் கண் அவள்மேல் நிற்கவில்லை. பக்கத்து நாற்காலியில் நின்றது.

"வெள்ளைத்தாயி, ஒத்தையில இன்னுமா வேல பாக்குத? வா தாயி, பூட்டணும்."

நாற்காலி முனகியது. கருகிய சேலை ஒன்று பொன்மணியின் தோளை உரசி எழுந்தது. காதோரம் சூடான மூச்சு.

"ஏட்டி, சாப்பிட்டியா?"

வெளியே இரண்டு பேரின் காலடி தேய்ந்து போனது. பூட்டு விழுந்தது. பொன்மணி கதவை அடித்தாள், கத்தினாள். அவள் முதுகுக்குப் பின்னால், அவள் பெயரைத் தேடி, டிஸ்க் முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கியது.