மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை

"இன்னிக்கும் மணல்!"

மாமியார் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். கூடத்து மூலையில் ஒட்டியிருந்த மணலைக் கிள்ளி எடுத்து, காபி குடித்துக்கொண்டிருந்த மகனின் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். "கிழவி இல்லாததைச் சொல்றேன்னு நினைச்சியே... இது என்ன, சர்க்கரையா?"

மருமகள் அடுப்படியில் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அவர்கள் அந்தத் தீவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மீன் பதப்படுத்தும் கம்பெனியில் குளிர்சாதன மெக்கானிக் வேலை, கம்பெனி வீடு, மூன்று வருட ஒப்பந்தம். கணவன் ஆசைப்பட்டான் என்பதற்காக, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எட்டு வருடம் பார்த்த வேலையை அவள் ஒரே கடிதத்தில் உதறிவிட்டு வந்தாள். மாமியார் இருந்த வீட்டையும் விற்றாயிற்று. திரும்பினால் போய் நிற்க வாசல் கிடையாது.

தீவு அழகுதான். மதியம்தான் பொல்லாதது. ஒரு மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதினால் கடைகள் சாத்திக்கொள்ளும், ஆட்கள் இருந்த இடத்திலேயே கட்டையைச் சாய்ப்பார்கள். மூன்று மணிக்கு மறுசங்கு ஊதும்வரை தெருவில் ஒரு நாய்கூடத் தலை தூக்காது. அவ்வளவு வெளிச்சத்தில் அவ்வளவு நிசப்தம் இருக்கும் என்று அவளுக்கு முன்பு தெரியாது. பட்டப்பகலில் முதுகு சில்லிடும்.

அந்த நேரத்தில் அவள் வெறுங்காலோடு படகுத்துறைப் பக்கம் ஓடுவதை எதிர்வீட்டுச் சலவைக்காரர் பார்த்திருக்கிறார். அதற்கு முன்னும் பின்னும் அவர் பார்க்கவில்லை. அவருடைய தூக்கம் அப்படி. பார்த்த பாதியை மட்டும் கணவன் காதில் போட்டுவிட்டார்.

"யாரைப் பார்க்கப் போற?" கணவன் தலை நிமிராமல் கேட்டான்.

"யாரையும் இல்லைங்க."

"அப்போ எதுக்கு?"

அவள் துணியை எடுத்து அடுப்பு மேடையைத் துடைத்தாள். பதினைந்து நாளைக்கு ஒரு கப்பல், அது நாளைக்கு வருகிறது, நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு என்றான்.  ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று வாசலில் செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அவள் தனக்காக அழவில்லை. நாளை மதியம் ஒரு மணிக்கு அத்தையின் பின்னால் யார் போவார்கள்?

எட்டு நாளாக இதுதான் நடக்கிறது. சங்கு ஊதியதும் மாமியார் எழுந்திருப்பாள். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. மணலைத் தாண்டிப் படகுத்துறைக்குப் போவாள். தடுத்தாலோ கதவைப் பூட்டினாலோ உயிர் போகிற மாதிரி வீறிடுவாள். துறையில் ஒன்பது படிகள். முதல் நாள் முதல் படியில் நின்று, "நீங்க முன்னாடி போங்க, இதோ வரேன்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். அது மாமனாரிடம் பேசும் குரல். அவர் செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கடலைக் கண்ணால் பார்த்தவர்கூட இல்லை. மறுநாள் இரண்டாம் படி. நேற்று எட்டாம் படி, கணுக்கால் தண்ணீர். சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு "அத்தை, வீட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டால் குழந்தைமாதிரி வருவாள். அவள் கால்களை முந்தானையால் துடைத்துப் படுக்கவைப்பதற்குள் மருமகளின் காலில் ஒட்டிய மணல் வீடெல்லாம் உதிர்ந்துவிடும். விழித்ததும் புடவைக்கரை ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, "பாழாய்ப்போன ஊர், காத்துகூட நனைஞ்சிருக்கு" என்பாள் மாமியார்.

முதல் நாளே சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மாமியார் தன் அக்காவின் கதையை ஆரம்பித்தாள். தூக்கத்தில் நடந்தவளைப் பைத்தியம் என்று அறையில் போட்டுப் பூட்டினார்களாம். "எனக்கு அந்த கதி வந்துச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே உயிரை விட்டுடுவேன்." அதோடு மருமகள் வாய் மூடிக்கொண்டது. கம்பெனி விதியும் இருந்தது: நோயாளியை அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

அன்று மதியம் ஒன்பதாம் படி. முழங்கால்வரை தண்ணீர். மாமியார் அடுத்த காலைத் தூக்கிவிட்டாள். அங்கே படி இல்லை. மருமகள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகுதான் மாமியார் திரும்பினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முகப்பவுடர் வாசனை குப்பென்று அடித்தது. மாமியாரைப் படுக்கவைத்த பிறகு, வெயிலுக்குச் சாத்தியிருந்த ஜன்னலை லேசாகத் திறந்து பார்த்தாள். கறுப்புச் சிமெண்டுத் தரை முழுக்கப் பவுடர் தூவியிருந்தது. மருமகளைப் பிடிக்க மாமியார் படுக்குமுன் வைத்த பொறி! அதில் இரண்டு ஜோடிக் கால்தடங்கள். ஒன்றின் இடது காலில் சுண்டுவிரல் இல்லை. இரும்புக் கேட்டில் நசுங்கி மாமியாருக்கு எடுத்த விரல் அது.

துடைப்பத்தை எடுத்தாள். எல்லாவற்றையும் கூட்டினால் தான் தப்பிக்கக் கூட்டியதாக ஆகும், மாமியார் மறுபடி தூவுவாள். அதனால் மாமியாரின் தடங்களை மட்டும் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தன் தடங்களை அப்படியே விட்டுவிட்டாள்.

மூன்று மணிச் சங்கு ஊதும்போது கணவன் கப்பல் டிக்கெட்டோடு வந்து நின்றான். மாமியார் எழுந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பார்த்தியாடா, உன் பெண்டாட்டி லட்சணத்தை!" என்று தடத்தைக் காட்டிக்கொண்டே வாசல்வரை போனாள். கதவை இழுத்தாள். கதவுக்குப் பின்னால், துணி எட்டாத இடத்தில் ஒரே ஒரு இடது கால். நான்கு விரல்.

கொஞ்சநேரம் குனிந்து பார்த்தாள். மெல்லத் தன் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

"எத்தனை நாளா?"

"ஒன்பது நாளா... அத்தை."

"எங்கே போறேன்?"

"படகுத்துறைக்கு. மாமாகிட்ட பேசறீங்க."

மாமியார் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மருமகளின் மணல் ஒட்டிய காலை மடியில் இழுத்து வைத்து முந்தானையால் துடைத்தாள். "அத்தை, விடுங்க..." என்று மருமகள் பதற, "பேசாம இரு... உன்னை என்னென்ன சொன்னேன்!" என்று அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கணவன் அந்த டிக்கெட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். கம்பெனி டாக்டரிடம் நானே சொல்கிறேன், போனால் மூன்று பேரும் போவோம் என்றான்.

மறுநாள் கப்பலில் அவர்கள் யாரும் ஏறவில்லை. மதியம் மாமியாரே தன் முந்தானையை மருமகளின் முந்தானையோடு முடிந்துகொண்டு படுத்தாள். சங்கு ஊதியது. ஊர் அடங்கியது. முடிச்சு ஒரு தரம் சுண்டி இழுத்தது.

மாமியார் எழுந்து உட்கார்ந்திருந்தாள். திறந்த கண் வாசலில் இருந்தது. மருமகள் முடிச்சை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். இந்தத் தடவை மாமியார் வீறிடவில்லை.

"நீங்க போங்க," என்றாள் வாசலைப் பார்த்து. "என் மருமக விடமாட்டேங்கறா."

சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். சாத்தியிருந்த கதவுக்கு அந்தப் பக்கம், ஈரமணலில் யாரோ நடந்து போகிற சத்தம் படகுத்துறைவரை கேட்டது.